முதல் மாத்திரைக்கு முன் முழு விவரம்: மைசூரு மக்களின் கோரிக்கைச் சாசனம்

கர்நாடக அரசின் சுகாதாரத் துறைக்கும், மைசூரு மாவட்ட நிர்வாகத்துக்கும், மாவட்ட மனநலத் திட்டத்தை நடத்துவோருக்கும், இம்மாவட்டத்தில் போதை மீட்புச் சிகிச்சை தரும் அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும்:

நாங்கள் ஹெராயின், டேபென்டடால், டிரமடால் போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீள மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள். எடுத்துப் பாதியில் விட்டவர்கள். அவர்களுடைய அம்மா, அப்பா, மனைவி, அக்கா, தம்பி. மண்டி மொஹல்லாவிலும் காந்தி நகரிலும் நஞ்சன்கூட்டிலும் குடியிருக்கிறோம். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கடைவீதியில் உருதுவும் பேசுகிறோம். சிகிச்சை தருவது அரசின் பெருந்தன்மை என்று நினைத்து நாங்கள் வரவில்லை. எங்களுக்குச் சேர வேண்டியது வந்து சேராததால் வந்திருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மருந்துக்கு எதிராக நாங்கள் பேசவில்லை. புப்ரினார்ஃபினையும் மெதடோனையும் உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் வந்த இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் புப்ரினார்ஃபின் இடம்பெற்றது. இந்தச் சிகிச்சையில் தொடர்ந்து இருப்பவர்களின் இறப்பு விகிதம், விட்டு வெளியேறியவர்களுடையதில் பாதிக்கும் குறைவு என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகிச்சையை விட்ட முதல் 4 வாரங்களே மிக ஆபத்தானவை. ஆகவே, ஒருவரைச் சிகிச்சையிலிருந்து வெளியே தள்ளும் எதுவும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வெளியே தள்ளுவது எது? எங்களில் ஒருவர் பெயின்டர். மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் அவருக்கு எட்டு நாள் வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. வீட்டில் சொல்லக் கூச்சம். மருத்துவரிடம் சொல்லலாமென்றால் பின்னால் நாற்பது பேர் வரிசை. ‘இந்த மருந்து என் உடம்புக்கு ஆகவில்லை’ என்று தானாக நிறுத்தினார். பன்னிரண்டாம் நாள் பழைய இடத்துக்கே போனார். போதை ஆசை அவரை இழுத்துக்கொண்டு போனது என்று தெருவே சொன்னது. மலச்சிக்கல் என்று ஒருவரும் சொல்லவில்லை. அது இந்த மருந்தின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு என்றோ, அதற்குச் சில ரூபாயில் மருந்து உண்டு என்றோ முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அவர் இன்றும் மாத்திரையில் இருந்திருப்பார்.

சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, போதைப் பழக்கத்தால் வரும் மன நிலைகளையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன் 22-வது பிரிவு, தரப்போகும் சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்பதை நோயாளிக்கும் அவர் நியமித்த பிரதிநிதிக்கும், அவர்களுக்குப் புரியும் மொழியில், புரியும் வடிவில் தெரிவிக்கச் சொல்கிறது. இந்தச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே இது உரிமையா இல்லையா என்று வாதாட நாங்கள் வரவில்லை. இத்தனை ஆண்டுகளாகியும் அது மாத்திரை கொடுக்கும் ஜன்னல் வரை ஏன் வந்து சேரவில்லை என்பதே எங்கள் கேள்வி.

எங்கள் கோரிக்கைகள் இவை.

1. எங்கள் மொழியில் ஒரு தாள்

முதல் மாத்திரைக்கு முன், ஒவ்வொரு நோயாளியின் கையிலும் ஒரு பக்கத் தாள் தர வேண்டும். கன்னடம், தமிழ், உருது என அவர் கேட்கும் மொழியில். வழக்கமாக வருபவை எவை (மலச்சிக்கல், தலைவலி, வியர்வை, குமட்டல், தூக்கக் கோளாறு, கால் வீக்கம்), உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை எவை (மூச்சு மந்தமாவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், கண் மஞ்சளாவது, நெஞ்சுப் படபடப்போடு தலைசுற்றி விழுவது) என்று இரண்டு பிரிவாக அது இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்த ஆங்கிலச் சிற்றெழுத்துத் தாளைக் காட்டிக் கணக்கு முடிக்கக் கூடாது. இதற்கு ஒரு ஜெராக்ஸ் செலவுதான். 30 நாளில் செய்து முடிக்கலாம்.

2. முதல் நாளில் ஒரு பெஞ்சும் இரண்டு மணி நேரமும்

புப்ரினார்ஃபின் மூளையில் ஓபியாய்டு ஒட்டும் இடங்களில் மற்ற பெரும்பாலான ஓபியாய்டுகளைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழு வேகத்தில் வேலை செய்யாது. உடம்பில் ஹெராயினோ டேபென்டடாலோ மிச்சமிருக்கும்போது இந்த மாத்திரையைப் போட்டால், இருந்ததை அது தள்ளிவிடும். அரைமணி, ஒருமணி நேரத்தில் வாந்தியும் நடுக்கமும் எலும்பு வலியும் ஒன்றாக வரும். கடைசியாக எடுத்ததிலிருந்து சுமார் 12 மணி நேரமாவது கழிந்து, கை கால் குடைச்சல் தெரியத் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. எடுத்தது மெதடோனாக இருந்தால் இன்னும் நீண்ட இடைவெளி. இதை மிரட்டாமல் கேட்டால் நோயாளி உண்மையைச் சொல்வார். முதல் நாள் அவரை உட்கார வைத்துப் பார்த்து அனுப்ப ஒரு பெஞ்சும் ஒரு நர்ஸும் வேண்டும். முதல் மாத்திரையிலேயே துவண்டு போனவர் இரண்டாம் மாத்திரைக்குத் திரும்பி வருவது அரிது.

3. மாத்திரையோடு மலச்சிக்கல் மருந்து

மற்ற பல தொந்தரவுகள் வாரங்களில் தணியும். மலச்சிக்கல் பெரும்பாலும் மருந்து இருக்கும்வரை உடன் இருக்கும். ஆகவே லாக்டுலோஸ், பிசகோடில் போன்றவை அதே ஜன்னலில், அதே சீட்டில், இலவசமாகக் கிடைக்க வேண்டும். ‘வெளியே மெடிக்கலில் வாங்கிக்கொள்’ என்று எழுதிக் கொடுத்தால், தினக்கூலிக்காரர் அதை வாங்க மாட்டார். நோயாளி வாய் திறந்து கேட்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ‘வெளிக்குச் சரியாகப் போகிறதா?’ என்று நர்ஸ் கேட்கட்டும். கூச்சத்தைத் தாண்டும் வேலை மருத்துவமனையுடையது.

4. ஒரு தம்ளர் தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை

நாக்குக்கு அடியில் கரையும் புப்ரினார்ஃபினால் பல் சொத்தை, ஈறு நோய், பல் விழுவது வரை நேர்ந்த 305 பேரின் விவரத்தை வைத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. தவிர்க்கும் வழியைச் சொன்னது. மாத்திரை முழுதும் கரைந்த பின் ஒரு வாய் தண்ணீரை மெல்லக் கொப்பளித்து விழுங்க வேண்டும்; அதன் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் பல் தேய்க்கக் கூடாது. இங்கே என்ன நடக்கிறது? மாத்திரை கரைந்ததும் வாசலில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, பிறகு வேலைக்கு ஓட்டம். மாத்திரை தரும் இடத்தில் குடிநீர்க் குழாயும் தம்ளரும் வையுங்கள். சேரும்போது ஒருமுறையும் அதன் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பல் மருத்துவப் பிரிவுக்குச் சீட்டு கொடுங்கள். விழுந்த பல் முளைக்காது. இதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவரின் வாயில் நஷ்டம்.

5. மூச்சு நிற்காமல் காக்க நலோக்சோன்

புப்ரினார்ஃபின் தனியாக மூச்சை நிறுத்துவது அரிது. தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் நிலைமை மாறும். மெதடோனில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘வேறு என்ன மாத்திரை போடுகிறாய், குடிக்கிறாயா?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். ஆம் என்றால் விரட்டக் கூடாது. தூக்க மாத்திரை எடுக்கிறார் என்பதற்காக இந்தச் சிகிச்சையை மறுக்காமல், கூடுதல் கவனத்தோடு கொடுங்கள் என்று அதே அமெரிக்க அமைப்பு 2017-ல் அறிவுறுத்தியது. மூச்சு அடங்கும்போது மீட்கும் மருந்து நலோக்சோன். அது ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் 108 ஆம்புலன்ஸிலும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். வீட்டில் உடன் இருப்பவர்களுக்கும் அதைக் கொடுத்துப் பழக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே பரிந்துரைத்துவிட்டது. மூச்சு நின்றால் அவகாசம் நிமிடக் கணக்கில்தான். இந்தக் கோரிக்கைக்கு நாங்கள் 30 நாளுக்கு மேல் தர மாட்டோம்.

6. பரிசோதனைகள் இலவசமாக, அதே நாளில்

புப்ரினார்ஃபினும், ஓபியாய்டின் விளைவைத் தடுக்கும் நால்ட்ரெக்சோனும் தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை வேண்டும். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஹெபடைடிஸ் பரிசோதனையும் வேண்டும். மெதடோன் இதயத் துடிப்பின் லயத்தை மாற்றக்கூடியது, அதற்கு ஈ.சி.ஜி. வேண்டும். நால்ட்ரெக்சோன் தொடங்க 7 முதல் 10 நாள் உடம்பில் ஓபியாய்டு இல்லாமல் இருக்க வேண்டும். நால்ட்ரெக்சோனை நிறுத்திவிட்டுப் பழைய அளவில் போதைப்பொருளை எடுத்தால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம் என்பதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லி, எழுதியும் தர வேண்டும். ரத்தம் ஒரு நாள், ரிப்போர்ட் ஒரு நாள், டாக்டர் ஒரு நாள் என்று மூன்று நாள் கூலியைப் பறிக்கும் ஏற்பாடு ஒரே நாளாகச் சுருங்க வேண்டும்.

7. பெண்களுக்குத் தனி நேரம், கர்ப்பிணிகளுக்குத் தடையில்லா மருந்து

கர்ப்பம் என்று தெரிந்ததும் பெண்கள் பயந்து மருந்தை நிறுத்துகிறார்கள். சில நேரம் மற்றவர்கள் நிறுத்தச் சொல்லவும் செய்கிறார்கள். திடீரென நிறுத்துவதுதான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் அழுகையும் வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, குழந்தை தேறிவிடும். இதை முன்பே தாயிடம் சொல்ல வேண்டும். மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே சீட்டில் எழுத வேண்டும். ஆண்கள் நிறைந்த வரிசையில் நிற்க அஞ்சியே பல பெண்கள் வருவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கப் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை.

8. கதவுள்ள ஓர் அறை

ஆண்மைக் குறைவு, ஆசை குறைதல், மாதவிலக்குத் தப்புதல் ஆகியவையும் இந்த மருந்துகளின் பக்கவிளைவுகளே. ஜன்னல் வழியாக, பின்னால் நிற்பவர் காதில் விழ, யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் மனைவியோடு சண்டை, சண்டையில் மருந்து நிற்கும். மாதம் ஒருமுறை, பத்து நிமிடம், கதவு மூடிய அறையில் மருத்துவரோடு பேச வேண்டும். ரகசியம் காப்பது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு தரும் உரிமை. பெயரை உரக்கக் கூப்பிடும் வழக்கத்தையும் நிறுத்தி, டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுங்கள்.

9. இருப்பு தீராத மருந்து, புகாருக்குத் தண்டனையில்லா முறை

‘ஸ்டாக் இல்லை, திங்கள்கிழமை வா’ என்ற ஒரு சொல் ஒருவரை வியாழன் முதல் நடுங்க வைக்கிறது. அப்போது வருவது பக்கவிளைவல்ல, மருந்து நின்றதன் விளைவு. அரசு மருத்துவமனைகளில் அத்தியாவசிய மருந்துகள் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 18-வது பிரிவு. குறைந்தது இரண்டு மாத இருப்பு வேண்டும். தொந்தரவைச் சொன்னதற்காக மருந்தை நிறுத்துவது, அளவைத் தண்டனைபோலக் குறைப்பது, ‘உனக்கு நடிப்பு’ என்பது எல்லாம் இன்றோடு முடிய வேண்டும். சிறைக்குப் போனாலும், வேறு வார்டில் சேர்ந்தாலும், மறுவாழ்வு இல்லத்தில் இருந்தாலும் மருந்து நோயாளியின் கூடவே போக வேண்டும்.

10. பக்கவிளைவைப் பதிவுசெய்யும் படிவம்

மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்க 2010 முதல் இந்தியாவில் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. நோயாளியே எழுதி அனுப்பும் படிவம் கன்னடத்திலும் தமிழிலும் அச்சாகியிருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு. எங்களில் பெரும்பாலோர் அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மாத்திரை தரும் ஒவ்வொரு இடத்திலும் அந்த எண் சுவரில் எழுதப்பட வேண்டும். படிவம் மேசைமேல் இருக்க வேண்டும். நிரப்ப ஒருவர் உதவ வேண்டும். மருத்துவக் கல்லூரியும் மருந்தியல் கல்லூரியும் உள்ள ஊர் இது. மாணவர்களே வாரம் ஒரு நாள் உட்கார்ந்து செய்துவிடலாம். எத்தனை பதிவுகள் வந்தன, என்ன செய்யப்பட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயரில்லாமல், அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

11. தாலுகாவிலேயே மருந்து, வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி

எச்.டி. கோட்டையிலிருந்து மைசூருக்கு வந்து திரும்பினால் அரை நாள் போய்விடும். தொடக்க வாரங்களில் தலைசுற்றலும் தூக்கமும் இருக்கும்போது ஆட்டோ ஓட்டக் கூடாது, இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்கிறார்கள், சரிதான். ஆனால் அதே ஆளை நாள்தோறும் பஸ் ஏறி வரச் சொல்கிறார்கள். நிலைபெற்றவர்களுக்கு வீட்டுக்கே மருந்து கொடுக்கலாம் என்பதை 2020 ஊரடங்கில் நாடே பார்த்தது. மனநலச் சிகிச்சையை மாவட்டத்துக்குக் கொண்டுபோவது எப்படி என்று 1980களில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் செய்துகாட்டியது நம் மாநிலத்து பெல்லாரியில். அதை முன்மாதிரியாக வைத்துத்தான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமே பிறந்தது. ‘மனோசைதன்யா’ திட்டத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வரும் ஏற்பாடும் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமையிலேயே இந்த நோயாளிகளையும் பார்த்து, ஒரு வார மருந்தைக் கொடுத்து அனுப்புங்கள்.

12. எங்களில் ஒருவர் அந்த மேசையில்

மாத்திரை எடுத்து அனுபவப்பட்ட ஒருவர், சம்பளத்தோடு, சிகிச்சை தரும் ஒவ்வொரு இடத்திலும் இருக்க வேண்டும். ‘எனக்கும் இப்படித்தான் வியர்த்தது, ஒரு மாதத்தில் சரியாயிற்று’ என்று அவர் சொல்வது பத்துத் தாளுக்குச் சமம். இது மைசூருக்குப் புதிதல்ல. பாலியல் தொழிலாளர்கள் தாங்களே முன்நின்று 2005-ல் உருவாக்கிய அசோதயா சமிதி, எச்.ஐ.வி. தடுப்பிலும் சிகிச்சையிலும் பாதிக்கப்பட்டவர்களே துணைநின்றால் என்ன நடக்கும் என்பதை இதே ஊரில் காட்டியிருக்கிறது.

‘இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், இவ்வளவு ஏற்பாடு எதற்கு?’ என்று கேட்பார்கள். பஞ்சாபிலும் மணிப்பூரிலும் உள்ள அளவு இங்கில்லைதான். ஆனால் 2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பு, ஓபியாய்டு பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் நாடு முழுவதும் சுமார் 77 லட்சம் என்றது. அதில் எங்கள் பிள்ளைகளும் உண்டு. எண்ணிக்கை குறைவு என்றால் வேலையும் குறைவு, சீக்கிரம் முடிக்கலாம். 2025 ஜூலையில் மும்பை போலீசார் மைசூருக்கே வந்து மெஃபட்ரோன் என்ற போதைப்பொருள் தயாரித்த இடத்தைக் கண்டுபிடித்தபோது, அமைச்சர் முதல் காவல்துறை வரை எல்லோரும் உடனே பேசினார்கள். பிடிப்பதில் இருக்கும் அந்த வேகத்தில் பாதி, மீட்பதில் இருந்தால் போதும்.

காலக்கெடு இதுதான். தாள், தண்ணீர், படிவம், நலோக்சோன் ஆகிய நான்கும் 30 நாளில். பெண்களுக்கான நேரம், தனியறை, மலச்சிக்கல் மருந்து, ஒரே நாள் பரிசோதனை ஆகியவை 60 நாளில். தாலுகா வழங்கல், இரண்டு மாத இருப்பு, துணையாளர் நியமனம் ஆகியவை 120 நாளில். முதல் நாள் பெஞ்சுக்கு நாள் குறிக்கத் தேவையில்லை. நாளைக் காலையே போடலாம். இதில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம். தாமதம் என்றால் காரணத்தை எழுத்தில், அலுவலர் பெயரோடும் தேதியோடும் தர வேண்டும். ஒவ்வொரு கெடு முடியும் நாளிலும் நாங்கள் வந்து பார்ப்போம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மூன்று மொழியிலும் எழுதி ஊர் முன் வைப்போம்.

இதை வாசிக்கும் நீங்களோ உங்கள் வீட்டாரோ இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. தொந்தரவு எதுவாக இருந்தாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டால் 1800-180-3024-க்குச் சொல்லுங்கள், மனம் தளர்ந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அடுத்த முறை ஜன்னலில் நிற்கும்போது, கையை நீட்டுமுன் கேளுங்கள்: ‘இது என்ன செய்யும்?’ பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.